அலை போகட்டும்னு முங்கிக் கிடக்கிறவன்!

மாமல்லபுரம் போயிருக்கீங்களா? 'சென்னையைச் சுத்தி காலேஜ் படிச்சுட்டு அங்கே போகாம இருப்போமா?'னு நீங்க முறைக்கிறது தெரியுது. சரி, ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். பல வருஷத்துக்கு முந்தின கதை.

செமஸ்டர் முடிஞ்ச மறுநாள். நாங்க ஆறு பேர் செங்கல்பட்டுல பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தோம். கடற்கரைக் கோயிலைப் பார்த்த கையோட கடல்ல இறங்கியாச்சு. கடல்ல குளிச்சவங்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பெரிய அலை வரும்போது நெஞ்சை நிமிர்த்திட்டு நின்னா தூக்கி அடிச்சுடும். ஆனா, சரியான நேரத்துல மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முங்கிட்டா, அலை தலைக்கு மேல போயிடும். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி எந்திரிச்சு நிக்கலாம். (அந்தக் கரையில அலையும் இழுப்பும் ஜாஸ்தி. எங்களை மாதிரி அசட்டுத்தனமா ஆழத்துக்குப் போயிடாதீங்க, ப்ளீஸ்!)

குளிச்சு முடிச்சு மணல்ல உட்கார்ந்திருந்தப்பதான் என் ரூம்மேட் அந்த மேட்டரைச் சொன்னான். அவனுக்கு டி.பி. வந்து, மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆகியிருந்தது. அப்பல்லாம் வாரத்துக்கு மூணு நாள் மாத்திரை. மையத்துக்குப் போய், அவங்க கண் முன்னாடியே முழுங்கணும். இருமல் போயிடுச்சு, சாயங்காலக் காய்ச்சல் போயிடுச்சு, எடையும் கூடிடுச்சு. சளி டெஸ்ட்லயும் 'கிருமி இல்லை'னு வந்துடுச்சு. 'அதான் மாத்திரையை நிறுத்திட்டேன்டா. வயித்தைப் புரட்டுது, யூரின் ஆரஞ்சு கலர்ல போகுது. நல்லாயிட்ட பிறகு எதுக்கு?'ன்னான்.

நாங்க என்ன செஞ்சோம் தெரியுமா? கை குடுத்து வாழ்த்து சொன்னோம். சுண்டல் வாங்கிக் கொண்டாடினோம்!

சில மாசத்துல இருமல் திரும்பி வந்தது. இந்தத் தடவை ரத்தத்தோட. 'கிருமி மருந்துக்குப் பழகிடுச்சு போல. இனி எந்த மாத்திரையும் கேக்காது'னு அவன் இடிஞ்சுபோய் உட்கார்ந்துட்டான். சளியை எடுத்து, கிருமியை வளர்த்து, மருந்தைக் குடுத்துப் பார்த்தாங்க. ரிசல்ட் என்ன? அதே மாத்திரைகளுக்கு அந்தக் கிருமி அழகா சாகுது!

அப்போ முதல் தடவை ஏன் சாகலை? இந்த வார மேட்டர் அதுதான்.

மெஸ்ஸுக்கு வராதவன்!

ஆன்டிபயாடிக் ரெசிஸ்டன்ஸ் பத்தி எல்லாருமே கேள்விப்பட்டிருப்போம். கிருமியோட மரபணு மாறி, மருந்து அதை ஒண்ணும் பண்ண முடியாம போற சமாச்சாரம். ஆனா, மருந்துகிட்ட இருந்து தப்பிக்க இன்னும் ரெண்டு வழி இருக்கு. அதைப் பத்தி அவ்வளவா யாரும் பேசுறதில்லை. புரியறதுக்கு ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு வாங்க.

ஒரு நாள் ராத்திரி சாம்பார் கெட்டுப்போச்சுன்னு வைங்க. சாப்பிட்ட அத்தனை பேரும் அவுட். தப்பிச்சவங்க மூணு ரகம். முதல் ரகம், கல்லைத் தின்னாலும் செரிக்கிற வயிறு உள்ளவன். எவ்வளவு சாப்பிட்டாலும் அவனுக்கு ஒண்ணும் ஆகாது. இதுதான் ரெசிஸ்டன்ஸ். ரெண்டாவது ரகம், ஒரு ஃப்ளோர் முழுக்க இருக்கிற சோம்பேறிப் பசங்க. எல்லாருமே லேட்டாத்தான் வருவாங்க, கொறிச்சுக் கொறிச்சுத்தான் சாப்பிடுவாங்க. அவங்களும் விழுவாங்க, ஆனா ரொம்ப நேரமாகும். அதுக்குள்ள யாராவது சாம்பாரைக் கீழே கொட்டிட்டா தப்பிச்சாங்க. கிருமிக் கூட்டம் மொத்தமும் இப்படி மெதுவா சாகிறதுக்கு டாலரன்ஸ்னு பேர். மூணாவது ரகம், மெஸ்ஸுக்கே வராம ரூம்ல போர்வையை இழுத்துப் போத்திட்டுத் தூங்கினவன். அவன் வயிறும் மத்தவங்க வயிறு மாதிரிதான். அந்த சாம்பாரைச் சாப்பிட்டிருந்தா அவனும் காலி. ஆனா, அந்த ராத்திரி அவன் சாப்பிடவே இல்லை. இவன் பேர் பெர்சிஸ்டர். பெரிய கூட்டத்துல இந்த மாதிரி சில பேர்தான் இருப்பாங்க.

தூங்கினா மருந்து ஏன் வேலை செய்யாது? நம்ம ஆன்டிபயாடிக்ஸ்ல பலதும், கிருமி செஞ்சுக்கிட்டிருக்கிற ஏதாவது ஒரு வேலையைக் கெடுத்துத்தான் அதைக் கொல்லும். பென்சிலின், கிருமி தன்னைச் சுத்திக் கட்டுற சுவரைக் கெடுக்கும். சுவர் பாதியில நிக்கும்போது கிருமி வெடிச்சுடும். ஆனா, கிருமி அன்னிக்குக் கட்டட வேலையையே நிறுத்திட்டு லீவுல இருந்தா? கெடுக்க அங்கே என்ன இருக்கு? மருந்து பக்கத்துல வந்து நின்னாலும், அதுக்கு வேலை இல்லை.

இதைக் கவனிச்சுப் பேர் வெச்சவர் ஜோசப் பிக்கர். அயர்லாந்துக்காரர். 1944-ல, பென்சிலின் புத்தம் புது அதிசயமா இருந்த நேரத்துல, ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிகளை அதுல போட்டுப் பார்த்தார். கிட்டத்தட்ட எல்லாம் செத்துச்சு, ஒரு சில மட்டும் பிழைச்சுது. பிழைச்சதை எடுத்து வளர்த்து, மறுபடி பென்சிலின் குடுத்தார். அந்தப் பிள்ளைக் கிருமிகள் அதே மாதிரி செத்துச்சு. மறுபடியும் ஒரு சில மிச்சம். அதாவது, தப்பிச்ச கிருமி தன் வாரிசுக்கு எந்த வித்தையையும் சொல்லிக் குடுக்கலை. அது தப்பிச்சது அந்த நேரத்து நிலைமையால. அந்த மிச்ச ஆளுங்களுக்கு அவர் வெச்ச பேர்தான் பெர்சிஸ்டர்.

அப்புறம் அறுபது வருஷம் கழிச்சு, 2004-ல நத்தாலி பலாபன் குழு ஈ.கோலை கிருமியை ஒவ்வொண்ணா மைக்ராஸ்கோப்ல படம் பிடிச்சாங்க. மருந்தைத் தாண்டிப் பிழைச்ச கிருமிகளோட படத்தைப் பின்னாடி ஓட்டிப் பார்த்தா... மருந்து ஊத்துறதுக்கு முன்னாடியே அதெல்லாம் வளராம சும்மா கிடந்திருக்கு! சில கிருமிகள் ஆபத்து வர்றதுக்கு முன்னாடியே இப்படிக் கிடக்கும். சில கிருமிகளைப் பட்டினி, அமிலம், நம்ம உடம்போட தாக்குதல் எல்லாம் சேர்ந்து தூங்க வைக்கும்.

திருமணியில நடந்த கதை!

'எங்கேயோ அயர்லாந்து, ஜெருசலேம்னு பேசுறீங்களே'னு நினைக்காதீங்க. இந்தக் கதையோட முக்கியமான ஒரு அத்தியாயம், நீங்க மாமல்லபுரத்துக்கு பஸ் ஏறுற அதே செங்கல்பட்டுல எழுதப்பட்டது.

செங்கல்பட்டை அடுத்து திருமணினு ஓர் ஊர். அங்கே இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையை 1955-ல மத்திய அரசு ஏத்துக்கிட்டு, மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையமா மாத்துச்சு. அதே 1955-ல, மதுராந்தகம் பக்கம் போலம்பாக்கத்துல பெல்ஜியத்துல இருந்து வந்த டாக்டர் ஹெமரிக்ஸும் டாக்டர் கிளேர் வெல்லட்டும் ஒரு மையம் ஆரம்பிச்சாங்க. கிராமம் கிராமமா வண்டியில போய், ரோட்டோர மரத்தடியில உட்கார்ந்து மருந்து குடுத்தாங்க. நோயாளியை ஊரை விட்டுத் துரத்தின காலத்துல, மருந்து ஊரைத் தேடிப் போச்சு.

அப்ப கையில இருந்த மருந்து டாப்ஸோன். விலை மலிவு, சாப்பிடவும் சுலபம். ஆனா, வருஷக்கணக்கா சாப்பிடணும், பல பேர் ஆயுசு முழுக்க. ஏன்னா, தொழுநோய்க் கிருமி உலக மகா சோம்பேறி. ஈ.கோலை 20 நிமிஷத்துல ரெண்டாகும். டி.பி. கிருமிக்கு ஒரு நாள் போல ஆகும். தொழுநோய்க் கிருமிக்கு ரெண்டு வாரம் கிட்ட! அதை லேப்ல தட்டுல போட்டு வளர்க்கவும் முடியாது. 1960-ல சார்லஸ் ஷெப்பர்ட், சுண்டெலியோட பாதத்துல ஊசி போட்டு அதை வளர்க்க முடியும்னு கண்டுபிடிச்ச பிறகுதான், 'உடம்புல இருக்கிற கிருமி உயிரோட இருக்கா, இல்லையா?'னு பார்க்கவே ஒரு வழி கிடைச்சுது.

அந்த வழியில பார்த்தப்ப ரெண்டு அதிர்ச்சி. ஒண்ணு, 1964-ல மலேசியாவோட சுங்கை பூலோ மருத்துவமனையில டாப்ஸோனுக்கே அசராத கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. இது ரெசிஸ்டன்ஸ். இன்னொண்ணுதான் நம்ம ஆளு. அதே சுங்கை பூலோவுல, பத்து வருஷத்துக்கும் மேலா ஒழுங்கா, கண்காணிப்புல டாப்ஸோன் வாங்கின 12 பேர்கிட்ட சோதனை செஞ்சாங்க. 7 பேர் உடம்புல உயிருள்ள கிருமி! அதை எடுத்து டாப்ஸோனைக் காட்டினா, மறுபேச்சு பேசாம செத்துப்போச்சு. இந்த ரிப்போர்ட் வந்தது 1974-ல. யோசிச்சுப் பாருங்க... தன்னைக் கொல்லக்கூடிய மருந்துக்கு நடுவுல, பத்து வருஷம் தூக்கம்!

சரி, ஒரு மருந்து போதலைன்னா ரெண்டு மூணைச் சேர்த்துக் குடுத்தா? ரிஃபாம்பிசின்னு ஒரு சூரன் வந்திருந்தான். ஒரே ஒரு வேளை மாத்திரையில, சில நாள்லயே ஆயிரத்துல 999-க்கும் மேல கிருமியைக் காலி பண்றவன். இவன் தலைமையில கூட்டு மருந்து குடுத்தா பெர்சிஸ்டரும் ஒழியுமா? உலக சுகாதார நிறுவனத்தோட ஆதரவுல தெலெப்னு ஒரு குழு, இதை உலகத்துல ரெண்டு இடத்துல சோதிச்சுப் பார்த்தது. ஒண்ணு, ஆப்பிரிக்காவுல மாலி நாட்டோட பமாக்கோ. இன்னொண்ணு, நம்ம செங்கல்பட்டு.

அதுவரைக்கும் மருந்தே எடுக்காத, நோய் முத்தின இருநூத்துச் சொச்சம் பேர். வெவ்வேறு மருந்துக் கூட்டணி. ரெண்டு வருஷம். நடுநடுவுல ஒவ்வொருத்தர் தோல்ல இருந்தும் ஒரு துணுக்கு எடுத்து, எதிர்ப்பு சக்தி குறைக்கப்பட்ட எலிகளுக்குள்ள செலுத்தி, மாசக்கணக்கா காத்திருந்தாங்க. முடிவு 1987-ல வெளியாச்சு. எடுத்த துணுக்குகள்ல ஏறக்குறைய 9 சதவீதத்துல உயிருள்ள கிருமி மிச்சம். எந்தக் கூட்டணியைக் குடுத்தாங்க, எத்தனை மாசம் குடுத்தாங்கங்கிறதை வெச்சு அந்த அளவு பெருசா மாறவே இல்லை. எவ்வளவு பலமா அடிச்சாலும் முங்கினவன் முங்கினவன்தான்!

'அப்போ எல்லாம் வேஸ்ட்டா?'ன்னா, இல்லவே இல்லை. 1981-ல உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்தைச் சிபாரிசு பண்ணுச்சு. மாசத்துக்கு ஒரு தடவை கண் முன்னாடி ரிஃபாம்பிசின், தினமும் டாப்ஸோனும் க்ளோஃபாசிமைனும். அப்படி முழுசா முடிச்சவங்கள்ல, நோய் திரும்பினது ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான். ஆயுசு முழுக்கச் சாப்பிட்ட நிலைமை மாறி, நோய் முத்தினவங்களுக்கே இப்ப ஒரு வருஷத்துல முடியுது. கிருமிக் கூட்டத்தை மருந்து சிதறடிச்ச பிறகு, மிச்சம் இருக்கிற ஒண்ணு ரெண்டை உடம்பே பார்த்துக்குதுன்னுதான் டாக்டர்கள் சொல்றாங்க. ஒரு மருந்துக்கு அசராதவன் எழுந்து வந்தாலும், பக்கத்துல இன்னொரு மருந்து காத்துக்கிட்டிருக்கும். கூட்டு மருந்தோட சூட்சுமம் அது.

இதுல என்னை உலுக்கினது ஒரு விஷயம். அந்த ரிப்போர்ட்ல டாக்டர்கள், கமிட்டிகள் பேரெல்லாம் இருக்கும். தன் தோலைத் திரும்பத் திரும்ப அறுத்துக் குடுத்த செங்கல்பட்டுக்காரங்க பேர் எதுலயும் இருக்காது. பஸ்ஸுல பக்கத்து சீட்டுல உட்காரவே ஊர் தயங்கின மனுஷங்க அவங்க. இன்னிக்கு உலகத்துல எந்த மூலையில ஒருத்தர் அந்த மாத்திரை அட்டையை வாங்கினாலும், அதுல அவங்க பங்கும் இருக்கு.

ஆறு மாசம் எதுக்கு?

இப்ப என் ரூம்மேட்கிட்ட வருவோம். டி.பி. வந்த நுரையீரல்ல ஒரு பொந்துல மட்டும் பத்துக் கோடி கிருமி இருக்குன்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குங்க. மருந்து 99.9 சதவீதத்தைக் கொன்னுடுச்சு. சூப்பர்! இருமல் நின்னுடும், பசி எடுக்கும், சளியில கிருமி தெரியாது. ஆனா, கணக்குப் போட்டுப் பாருங்க. மிச்சம் ஒரு லட்சம்!

அதனாலதான் டி.பி. வைத்தியத்துல ரெண்டு பாகம். முதல் ரெண்டு மாசம் நாலு மருந்து. வேகமா வளர்ற கூட்டம் அதுல காலி. அதுல இருக்கிற பைரசினமைடு, அமிலச் சூழல்ல மந்தமாக் கிடக்கிற கிருமிகளைத் தேடிப் பிடிக்கிற ஸ்பெஷலிஸ்ட். அடுத்த நாலு மாசம் மூணு மருந்து. அது யாருக்கு? அப்பப்ப தூங்கி எந்திரிக்கிற பெர்சிஸ்டருக்கு. அவன் கண் முழிச்சுச் சுவர் கட்ட ஆரம்பிக்கிற அந்தச் சில மணி நேரத்துல, மருந்து அங்கே ரெடியா இருக்கணும். என்னிக்கு முழிப்பான்னு யாருக்கும் தெரியாது. அதனாலதான் தினமும்.

இந்த ஆறு மாசம் யாரோ குத்துமதிப்பா சொன்ன கணக்கு கிடையாது. சேத்துப்பட்டுல இருக்கிற காசநோய் ஆராய்ச்சி நிலையம் (1956-ல மெட்ராஸ் டி.பி. கீமோதெரபி சென்டரா ஆரம்பிச்சது) மூணு மாச வைத்தியத்தையும் அஞ்சு மாச வைத்தியத்தையும் போட்டிக்கு விட்டுப் பார்த்திருக்கு. மூணு மாசத்தோட நிறுத்தினவங்களுக்குத்தான் நோய் அதிகமாத் திரும்புச்சு. எல்லாருமே முதல்ல குணமானவங்கதான்!

நிறுத்தினதால நோய் திரும்புறது மட்டும்தான் நஷ்டம்னு நினைக்காதீங்க. 2014-ல பலாபன் குழு இன்னொரு வேலை செஞ்சாங்க. ஈ.கோலைக்குத் தினமும் குறிப்பிட்ட சில மணி நேரம் மட்டும் மருந்து. அப்புறம் நிறுத்திட்டு வளர விட்டாங்க. கொஞ்ச நாள்லயே, மருந்து இருக்கிற நேரத்துக்கு ஏத்த மாதிரி தூங்குற கிருமிகள் உருவாகிடுச்சு. மூணு மணி நேரம் மருந்துன்னா அதைத் தாண்டுற தூக்கம். எட்டு மணி நேரம்னா அதைத் தாண்டுற தூக்கம். லெக்சர் முடியுற நேரம் பார்த்துக் கண் முழிக்கிற கடைசி பெஞ்ச் மாதிரி! அப்படியே தொடர்ந்து செஞ்சா, இந்தத் தூங்குமூஞ்சிக் கூட்டத்துல இருந்துதான் நிஜமான ரெசிஸ்டன்ஸ் சீக்கிரமா முளைக்குதுன்னு 2017-ல காட்டினாங்க. உயிரோட மிச்சம் இருந்தாத்தானே மரபணு மாற நேரம் கிடைக்கும்?

என் ரூம்மேட் பழைய முறைப்படி மறுபடி ஆரம்பத்துல இருந்து தொடங்கினான். ரெண்டு மாசம் ஊசி சேர்த்து, மொத்தம் எட்டு மாசம். ஒரு செமஸ்டர் போச்சு. கேம்பஸ் இன்டர்வியூ போச்சு. ஆனா, இந்தத் தடவை முழுசா முடிச்சான். இன்னிக்கு நல்லா இருக்கான், தொப்பையோட!

நீங்க செய்ய வேண்டியது...

டி.பி.யோ தொழுநோயோ, அட்டையில கடைசி மாத்திரை வரைக்கும் முடிங்க. மாத்திரை ஒத்துக்கலைன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க, அவர் வழி பார்ப்பார். நீங்களா நிறுத்தாதீங்க. (அந்த ஆரஞ்சு கலர் ரிஃபாம்பிசினோட சாயம். அதைப் பார்த்துப் பயப்படவே வேண்டாம். கண்ணு, தோலு மஞ்சளானாலோ வாந்தி நிக்கலைன்னாலோ உடனே டாக்டர்.) இப்ப அரசு மையத்துல தினசரி மாத்திரை இலவசம். சத்தான சாப்பாட்டுக்குன்னு மாசம் 1000 ரூபாய் உங்க பேங்க் கணக்குக்கே வரும்.

அதுக்காக, எல்லா காய்ச்சலுக்கும் மாசக்கணக்கா ஆன்டிபயாடிக் முழுங்கணும்னு அர்த்தமில்லை. சாதாரண சளிக்கு அது தேவையே இல்லை, காரணம் வைரஸ். சில பாக்டீரியா நோய்களுக்கு மூணு, அஞ்சு நாளே போதும்னு டாக்டர் சொல்வார். கிருமிக்குக் கிருமி கணக்கு வேற. அந்தக் கணக்கைப் போட வேண்டியது டாக்டர். மெடிக்கல் ஷாப் அண்ணனும் இல்லை, பக்கத்து ரூம் சீனியரும் இல்லை. ஒருத்தனுக்கு மிச்சமான நாலு மாத்திரையை இன்னொருத்தனுக்குத் தானம் பண்ற ஹாஸ்டல் பாசத்தையும் தயவுசெஞ்சு விட்டுடுங்க!

கடைசியா ஒண்ணு. பெரிய அலை வந்துட்டுப் போனதும் கடல் ஒரு நிமிஷம் அமைதியா இருக்கும். யார் தலையும் தெரியாது. கரையில நின்னு, 'ஒண்ணு, ரெண்டு, மூணு...'னு எண்ணுவோம். முங்கினவன் ஒவ்வொருத்தனா எந்திரிச்சு வருவான். அன்னிக்கு மணல்ல உட்கார்ந்து நாங்க கொண்டாடினது, அந்த ஒரு நிமிஷ அமைதியைத்தான்.

உங்க ரூம்லயோ, வீட்லயோ யாராவது 'எனக்கு நல்லாயிடுச்சுப்பா'னு மாத்திரை டப்பாவை ஓரமா வெச்சா, கை குடுக்காதீங்க. பக்கத்துல உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணி குடுங்க.

அடுத்த வாரம் பார்ப்போமா?